கட்புல வெளியும் மனித மனமும்: காயங்கள் கற்பித்தவை

மனிதன் தன்னைச் சூழவுள்ள உலகினை எவ்வாறு அறிகின்றான் என்ற வினா மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. அதன் ஒரு சிறு கூறினை மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. பொருள்கள் இங்கே உள்ளன, அங்கே உள்ளன, அருகில் உள்ளன, தொலைவில் உள்ளன எனக் காண்கின்றோம். அவ்வாறு காண்பதற்கு எத்தகைய முயற்சியும் தேவைப்படுவதாக எமக்குத் தோன்றுவதில்லை. கண்ணைத் திறந்ததும் வெளி அப்படியே எம்முன் விரிந்து கிடக்கின்றது. இந்த எளிமையே ஆராய்வோனை ஏமாற்றுகின்றது. எளிதாகத் தோன்றுவது எளிதாகவே நிகழ்கின்றது என்று கொள்ளுதற்கு ஆதாரம் எதுவுமில்லை.

1604ஆம் ஆண்டிலே யொஹான்னஸ் கெப்ளர், கண்ணினுள் நுழையும் ஒளி விழித்திரையில் தலைகீழான ஒரு விம்பத்தை அமைக்கின்றது என்பதைக் கணித அடிப்படையில் விளக்கினார். அவ்விம்பம் எவ்வாறு காட்சியாகின்றது என்பதை ஆராயும் பொறுப்பினை அவர் இயற்கை மெய்யியலாளரிடம் விட்டுவிட்டார். 1637இல் வெளிவந்த தமது ஒளியியல் நூலிலே டேக்கார்ட், மாட்டுக் கண்ணொன்றின் பின்புறச் சவ்வுகளை நீக்கி, இருட்டறையின் துவாரத்திற் பொருத்தி, அதில் விழும் விம்பத்தைப் பார்க்கும் முறையை விவரித்தார். அதேவேளை, மூளைக்குள் இன்னொரு சோடிக் கண்கள் இருந்து அவ்விம்பத்தைப் பார்க்கின்றன என்று எண்ணலாகாது எனவும் அவர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை பெரிதும் மறக்கப்பட்டது. கண் ஒரு கமரா, மூளை அதன் படச்சுருள் என்ற உவமை பாடநூல்களிலே நிலைத்துவிட்டது.

இவ்வுவமை எவ்வளவு பொருந்தாதது என்பதை வாசகர் தாமே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றைக் கண்ணின் வெளியோரத்தை இமையின்மேல் விரலால் மெல்ல அழுத்துக. எதிரேயுள்ள சுவர் அசைவதாகத் தோன்றும். ஆனால், நாமாகக் கண்ணை இடமிருந்து வலமாகச் செலுத்தும்போது சுவர் அசைவதில்லை. இரு சந்தர்ப்பங்களிலும் விழித்திரையில் விம்பம் இடம்பெயர்வது உண்மை. ஒன்றில் உலகம் அசைகின்றது. மற்றதில் உலகம் நிலையாக நிற்கின்றது. வேறுபாடு விம்பத்தில் இல்லை. கண்ணை அசைக்குமாறு கட்டளையிட்டது நாமா இல்லையா என்பதிலேயே உள்ளது. விழித்திருக்கும் வேளையிலே எமது கண்கள் விநாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை பாய்ந்து பாய்ந்து திரும்புகின்றன. அத்தனை பாய்ச்சல்களுக்கு நடுவிலும் அறை நிலையாக நிற்கின்றதெனின், நாம் காணும் அறை விழித்திரையில் உள்ள அறை அன்று.

அவ்வாறாயின் அது எங்குள்ள அறை? மெய்யியலார் தந்த விடைகளை இங்கு விரிக்க இடமில்லை. 1709இல் பேர்க்லி, தூரம் என்பது கண்ணாற் காணப்படுவதன்று; தொடுகையும் நடையும் தந்த அனுபவத்தைக் கண் தரும் குறிகளோடு இணைத்துப் பழகியதனால் அறியப்படுவது என்றார். 1781இல் காண்ட், வெளி என்பது அனுபவத்திலிருந்து பெறப்படுவதன்று, அனுபவம் நிகழ்வதற்கே முன்நிபந்தனையான ஒரு வடிவம் என்றார். (இவ்விடத்தில், நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்த தொல்காப்பியர் காண்டை முந்திவிட்டார் என மார்தட்டும் வழக்கம் எம்மவரிடையே உண்டு. தொல்காப்பியர் பேசுவது செய்யுளின் பொருளமைதி பற்றி. காண்ட் பேசுவது அறிவின் நிபந்தனை பற்றி. இரண்டையும் ஒன்றாக்குவது இருவருக்கும் இழைக்கும் அநீதியாகும்.) பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஹெல்ம்ஹோல்ட்ஸ், புலனுணர்வுகள் வெளியுலகப் பொருள்களின் குறிகளேயன்றி அவற்றின் பிரதிகள் அல்ல என்றும், அக்குறிகளிலிருந்து மனம் தன்னையறியாமலே செய்யும் அனுமானமே காட்சி என்றும் வாதிட்டார்.

ஹெல்ம்ஹோல்ட்ஸின் இக்கருத்தினை 1909இல் லெனின் தமது ‘பொருள்முதல்வாதமும் அனுபவவாத விமர்சனமும்’ என்ற நூலிற் கடுமையாக விமர்சித்தமை முற்போக்கு வாசகர் அறிந்ததே. குறி என்று கொண்டால், குறிக்கப்படும் பொருள் உண்மையில் உண்டா என்ற ஐயத்துக்கு வழி திறந்துவிடும். படிமம் என்று கொண்டாலோ, அதற்கு மூலமான புறவுலகு உண்டென்பது அதிலேயே அடங்கியுள்ளது என்பது அவர் வாதம். பிரதிபலிப்பு என்ற சொல்லைப் பின்வந்தோர் பலர் கண்ணாடியிற் தெரியும் உருவம் என்ற அளவிலேயே விளங்கிக்கொண்டனர். அவ்விளக்கம் சரியா என்பதைத் தீர்மானிக்க நூல்களை மட்டும் புரட்டினாற் போதாது. மூளையைப் பார்க்க வேண்டும். வரலாற்றின் கொடூரம் யாதெனில், மூளையைப் பார்க்கும் வாய்ப்பினை முதலில் தந்தது போர்.

1904–1905ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ருஷ்ய – யப்பானியப் போரிலே ருஷ்யப் படையினர் பயன்படுத்திய துப்பாக்கியின் குண்டு 7.62 மில்லிமீற்றர் விட்டமும் மிகுந்த வேகமும் உடையது. பழைய ஈயக் குண்டுகள் மண்டையோட்டைச் சிதைத்து ஆளையே கொன்றுவிடும். புதிய குண்டு பலரின் தலையில் ஒரு புறம் நுழைந்து மறுபுறம் வெளியேறியது. அவர்களுட் சிலர் உயிர் பிழைத்தனர். பிழைத்தோரின் பார்வையிழப்பை அளந்து, ஓய்வூதியத்துக்கான மதிப்பீடு செய்யும் பணி தட்சுஜி இனோயே என்ற இளங் கண் வைத்தியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அப்பணியோடு நின்றுவிடவில்லை. குண்டு நுழைந்த புள்ளியையும் வெளியேறிய புள்ளியையும் அளந்து, மூளையினூடாக அது சென்ற நேர்கோட்டைக் கணிப்பதற்கென ஒரு கருவியை ஆக்கினார். அக்கோட்டில் அழிந்த மூளைப் பகுதியையும், பார்வைப் புலத்தில் அச்சிப்பாய் இழந்த பகுதியையும் ஒப்பிட்டார். 1909இல் ஜேர்மன் மொழியில் அவர் வெளியிட்ட நூலே, மூளையிற் பார்வைப் புலம் ஒரு வரைபடமாக விரிந்துள்ளதை முதன்முதலில் ஒழுங்குறக் காட்டியது எனலாம். முதலாம் உலகப் போரிலே பிரித்தானியப் படையின் காயமுற்றோரை ஆராய்ந்த கோர்டன் ஹோம்ஸ் இதனை மேலும் துல்லியமாக்கினார்.

இவ்வரைபடத்தின் இயல்பு கவனிக்கத்தக்கது. பார்வைப் புலத்தில் அடுத்தடுத்துள்ள இடங்கள் பிடரிப் பக்கத்து மூளை மேற்பட்டையிலும் அடுத்தடுத்தே அமைகின்றன. ஆகவே வெளியுலகின் ஒழுங்கு அங்கே பேணப்படுகின்றது என்பது உண்மை. ஆனால் வலப்புறக் காட்சி இடது மூளையிலும், இடப்புறக் காட்சி வலது மூளையிலும், மேலுள்ளது கீழாகவும் அமைகின்றன. அளவோ முற்றாகத் திரிந்துள்ளது. பார்வையின் நடுப்புள்ளியைச் சூழ்ந்த 10 பாகை அளவான சிறு வட்டத்துக்கே இவ்வரைபடத்தின் அரைப்பங்கு அல்லது அதற்கு மேலும் ஒதுக்கப்பட்டுள்ளது. எஞ்சிய பரந்த வெளி முழுவதும் மற்றைய பாதியினுள் நெருக்கப்பட்டுள்ளது. நாட்டின் தேசப்படம் ஒன்றிலே தலைநகர் மட்டும் அரைத்தாளை அடைத்துக்கொண்டு, ஏனைய மாவட்டங்கள் யாவும் ஓரங்களில் ஒடுங்கிக் கிடந்தால் எவ்வாறு இருக்குமோ அவ்வாறானது இது. கண்ணாடி இவ்வாறு பிரதிபலிப்பதில்லை. உற்று நோக்கி, கையாற் பற்றி, ஊசி கோத்து வாழும் ஒரு விலங்கின் தேவைகள் இப்படத்திற் பொறிக்கப்பட்டுள்ளன.

1959 முதல் டேவிட் ஹியூபல், டோர்ஸ்டன் வீசல் ஆகிய இருவரும் பூனையின் மூளையில் நுண்ணிய மின்வாய்களைச் செலுத்தி, இப்பகுதியின் தனித்தனி நரம்புக்கலங்கள் குறிப்பிட்ட சாய்வுடைய கோடுகளுக்கும் ஓரங்களுக்கும் மட்டுமே துலங்குகின்றன எனக் காட்டியமையும், 1981இல் நொபெல் பரிசு பெற்றமையும் பலர் அறிந்தவை. எனவே அதனை விட்டுச் செல்வோம். எமது வினாவுக்கு அதனினும் முக்கியமானது ஹோம்ஸ் 1918இல் எழுதிய வேறொரு கட்டுரை. அதில் வரும் சிப்பாய்கள் குருடர் அல்லர். காட்டிய பொருளின் பெயரைச் சொல்வார்கள். ஆனால் அதனை எடுக்கக் கை நீட்டினால் கை வேறெங்கோ செல்லும். இரு பொருள்களுள் எது அருகிலுள்ளது என்று கேட்டால் தவறுவார்கள். கண்ணெதிரே சுவர் இருப்பது தெரிந்தும் அதனுடன் மோதுவார்கள். காயம் அவர்களுடைய சுவர்ச்சோணைகளில், அதாவது உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் இரு புறமும், ஏற்பட்டிருந்தது. பொருளைக் காண்பது வேறு, பொருள் எங்குள்ளது எனக் காண்பது வேறு என்ற துணிபு இங்கிருந்து தோன்றுகின்றது. 1982இல் அங்கர்லைடர், மிஷ்கின் இருவரும் குரங்குகளில் நிகழ்த்திய ஆய்வுகளைக் கொண்டு, பிடரியிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் பாதை ‘என்ன’ என்பதையும், மேல்நோக்கிச் செல்லும் பாதை ‘எங்கே’ என்பதையும் ஆராய்கின்றன என்று இத்துணிபுக்கு வடிவம் கொடுத்தனர்.

பத்தாண்டுகளுள் இவ்வாய்பாடு திருத்தம் பெற்றது. திருத்தியவர் நச்சுவாயுவினால் மூளை பாதிக்கப்பட்ட ஒரு பெண். காபன் மொனொக்சைட்டைச் சுவாசித்த அப்பெண்ணுக்குப் பொருள்களின் வடிவமோ சாய்வோ தெரியவில்லை. மெல்விண் குடேல், டேவிட் மில்னர் ஆகியோர் 1991இல் வெளியிட்ட பரிசோதனையில், தபாற்பெட்டியின் வாய் போன்ற ஒரு நீண்ட துவாரம் அவர்முன் வைக்கப்பட்டது. துவாரம் எந்தச் சாய்வில் உள்ளது என்பதைக் கையிலுள்ள அட்டையைச் சாய்த்துக் காட்டுமாறு கேட்டபோது அவரால் இயலவில்லை. அட்டையை அத்துவாரத்தினுள் இடுமாறு கேட்டபோதோ, கை சரியான சாய்வில் திரும்பி அட்டையை உள்ளே செலுத்தியது. அறிவிக்க முடியாத சாய்வு கைக்குத் தெரிந்திருந்தது! மேற்பாதை ‘எங்கே’ என்பதற்கு மட்டுமன்று, ‘எவ்வாறு செய்வது’ என்பதற்கே உரியது என அவர்கள் முடிவு செய்தனர். ஆகவே ஒரு வெளி அன்று, குறைந்தது இரண்டு. ஒன்று உலகை இனங்கண்டு சொல்வதற்கு. மற்றது அதனைக் கையாள்வதற்கு.

இனி இக்கட்டுரையின் மையமான நிகழ்ச்சிக்கு வருவோம். மூளையின் வலது அரைக்கோளத்திற் பாரிசவாதத்தால் பாதிப்புற்றோர் சிலரிடம் ஒரு விசித்திரமான நிலை காணப்படும். தட்டிலுள்ள சோற்றின் வலப்பாதியை உண்டுவிட்டு, போதவில்லை என்பார்கள். தட்டைத் திருப்பி வைத்தால் எஞ்சியதையும் உண்பார்கள். முகத்தின் ஒரு பாதியை மட்டும் சவரஞ் செய்வார்கள். பூவொன்றைப் பார்த்து வரையச் சொன்னால் வலப்புற இதழ்களை மட்டும் வரைந்து, முடிந்தது என்பார்கள். ஒருபக்கப் புறக்கணிப்பு என இதனை அழைக்கலாம். கண்ணிற் குறைபாடு இன்றியும் இது நிகழும். கண்ணிற் குறையுள்ளவன் தலையைத் திருப்பி அக்குறையை ஈடுசெய்வான், இவர்கள் திருப்புவதில்லை. ஏனெனில் திருப்பிப் பார்ப்பதற்கு அங்கு ஏதும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இல்லாத திசையை எப்படித் தேடுவது? எமது வீடுகளிலே இத்தகைய நோயாளர் பிடிவாதக்காரர் என்றும், வேண்டுமென்றே செய்கின்றார் என்றும், புத்தி பேதலித்துவிட்டது என்றும் பேசப்படுவதைக் கேட்கின்றோம். உறவினரின் சினம் நோயைவிடக் கூடிய துன்பத்தைத் தரவல்லது.

மிலான் நகரத்து ஆய்வாளரான எடுவார்டோ பிசியாக், கிளோடியோ லுசாற்றி ஆகியோர் 1978இல் இத்தகைய நோயாளர் இருவரைப் பற்றி எழுதினர். மிலான் நகரின் நடுவே பேராலயத்தின் முன் ஒரு பெருஞ் சதுக்கம் உண்டு. பேராலயத்தை நோக்கி நின்றால் இடப்பக்கம், அதாவது வடக்கே, கண்ணாடிக் கூரையிட்ட புகழ்பெற்ற கடைவீதி. வலப்பக்கம், அதாவது தெற்கே, பழைய அரச மாளிகை. இருவருக்கும் அச்சதுக்கம் நோய்க்கு முன்னரே நன்கு பழக்கமானது. மருத்துவமனையில் இருந்தவாறே, பேராலயத்தை நோக்கிச் சதுக்கத்தின் மறுகோடியில் நிற்பதாகக் கற்பனை செய்து, காண்பவற்றைக் கூறுமாறு அவர்கள் கேட்கப்பட்டனர். வலப்புறத்துக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக வந்தன; இடப்புறத்தவை பெரிதும் விடுபட்டன. பின்னர், பேராலயத்தின் வாயிலில் நின்று சதுக்கத்தை நோக்குவதாகக் கற்பனை செய்யுமாறு கேட்கப்பட்டனர். இப்போது முன்னர் விடுபட்ட பக்கம் வலப்புறமாயிற்று. சற்று முன்னர் அவர்களுக்கு இல்லாதிருந்த கட்டடங்கள் தோன்றின. சற்று முன்னர் அவர்கள் விவரித்த கட்டடங்கள் மறைந்தன.

இதன் பொருளைச் சற்று நின்று ஆராய வேண்டும். கண்முன் சதுக்கம் இல்லை. எனவே கண்ணையோ ஒளியையோ காரணங் கூறுதல் இயலாது. நினைவு அழிந்துவிட்டது எனவும் கூறுதல் இயலாது. இரண்டு கூற்றுகளையும் சேர்த்தால் முழுச் சதுக்கமும் நினைவில் உள்ளமை தெளிவாகின்றது. அழிந்தது எது? நினைவிலுள்ளதை ‘இப்போது இங்கு நிற்கும் எனக்கு முன்னால்’ விரித்து வைக்கும் ஆற்றலின் ஒரு பாதி. இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கற்பனையில் விரியும் வெளியும் காட்சியில் விரியும் வெளியும் ஒரே உடலைச் சுற்றி, அந்த உடலின் இடம் வலத்தைக் கொண்டே அமைக்கப்படுகின்றன. மற்றையது, அவ்வாறு உடலைச் சாராத இன்னொரு வடிவிலும் சதுக்கம் மனத்தில் உள்ளது. இல்லையெனின் நோக்குமிடத்தை மாற்றியதும் மறைந்த பாதி மீண்டும் வருமாறில்லை.

இந்த இரண்டாவது வடிவத்தின் இருப்பிடம் பற்றி இன்று நிறைய அறியப்பட்டுள்ளது. எலி புதிர்ப்பாதையைக் கற்பது வெறும் பழக்கத் தொடரினால் அன்று, ஓர் ‘அறிவுப் படத்தினால்’ என 1948இல் எட்வேட் டோல்மன் கூறியபோது நடத்தைவாதிகள் அதனை ஏற்கவில்லை. 1971இல் இலண்டனில் ஜோன் ஓகீஃப், தம் மாணவர் டொஸ்ட்ரோவ்ஸ்கியுடன் சேர்ந்து, எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியிலுள்ள சில நரம்புக்கலங்கள் எலி அறையின் குறித்ததோர் இடத்தை அடையும்போது மட்டும் இயங்குவதைக் கண்டார். 2005இல் நோர்வேயில் மோசர் தம்பதியினரும் சகாக்களும், அண்மையிலுள்ள இன்னொரு பகுதியில், நிலத்தை அறுகோண ஒழுங்கில் அளப்பன போன்று இயங்கும் கலங்களைக் கண்டறிந்தனர். மூவரும் 2014இல் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எலி எங்கு நோக்கினும் இடம் இடமாகவே நிற்கும் ஒரு வெளி இது. காண்டின் முன்நிபந்தனை இறுதியில் உயிரியலிற் கண்டுபிடிக்கப்பட்டது என்று சிலர் மகிழ்கின்றனர். இக்கலங்களின் ஆற்றலிற் பிறவிக் கூறு உண்டு என்பது உண்மையே. எனினும் எந்தக் கலம் எந்த இடத்தைக் குறிக்கும் என்பது எலி நடந்து திரிந்த பின்னரே நிலைபெறுகின்றது. நடக்காத எலிக்குப் படம் இல்லை.

மனத்திலுள்ள இவ்வெளி, படம் போன்றதா அன்றி எழுத்து விவரணம் போன்றதா என்பது பற்றி 1970களில் அமெரிக்காவிலே பெரும் விவாதம் நிகழ்ந்தது. 1971இல் ரொஜர் ஷெப்பேட், ஜக்குலின் மெற்ஸ்லர் ஆகியோர், கனசதுரங்களை ஒட்டி ஆக்கிய இரு உருவங்களின் படங்களைக் காட்டி, இரண்டும் ஒன்றா வேறா எனக் கேட்டனர். ஓர் உருவம் மற்றதிலிருந்து எத்தனை பாகை திரும்பியுள்ளதோ அதற்கு நேர்விகிதமாக விடையிறுக்கும் நேரமும் கூடியது. விநாடிக்கு ஏறத்தாழ 60 பாகை வேகத்தில் மனம் உருவத்தைச் சுழற்றுவது போன்றிருந்தது. படம் என்போர் இதனை ஆதாரமாகக் கொண்டனர். சுழலும் பொருளைப் பற்றி நாம் அறிந்ததை நடித்துக் காட்டுகின்றோமேயன்றி மனத்திற் படம் ஏதும் சுழலவில்லை என்று செனன் பிலிஷின் போன்றோர் மறுத்தனர். இவ்விவாதத்திற் பெரும்பகுதி கணனியை மனமென மயங்கியதால் விளைந்தது என்பதே எம் எண்ணம். அதனைவிடப் பயனுள்ள செய்தியொன்று அப்பத்தாண்டிலேயே வெளிவந்தது. பிறவியிலேயே பார்வையற்றோர் கையால் தடவி அறிந்த உருவங்களிலும் இதே நேர்விகிதம் காணப்பட்டது. ஆகவே மனத்திற் சுழல்வது கண்ணின் படம் அன்று. கண்ணுக்கும் கைக்கும் பொதுவான வெளி அது.

அப்பொதுவான வெளி எத்துணைத் தூரம் மனித வாழ்வினுள் ஊடுருவியுள்ளது என்பதைக் காட்டியவர் சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா. இரண்டாம் உலகப் போரின்போது யூரல் பகுதி மருத்துவமனையிலே மூளையிற் காயமுற்ற படையினருக்கு மறுவாழ்வளிக்கும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார். 1943இல் ஸ்மொலென்ஸ்க் போர்முனையிற் காயமுற்ற ஒரு பொறியியல் மாணவனின் வரலாற்றை 1971இல் நூலாக வெளியிட்டார். குண்டு அவ்விளைஞனின் இடது மூளையில், சுவர்ச்சோணையும் பிடரியும் சந்திக்கும் பகுதியைச் சிதைத்திருந்தது. பார்வைப் புலத்தின் வலப்பாதி அவனுக்கு இல்லை. சிலவேளை தன் உடலின் வலப்பாதியும் அவனுக்கு இல்லாது போயிற்று. இடம் எது, வலம் எது எனத் தெரியவில்லை. இத்தனையும் எதிர்பார்க்கத் தக்கவையே. எதிர்பாராதது மொழியில் நிகழ்ந்தது. ‘சகோதரன்’ தெரியும், ‘தந்தை’ தெரியும். ‘தந்தையின் சகோதரன்’, ‘சகோதரனின் தந்தை’ என்னும் இரண்டிற்கும் வேறுபாடு தெரியவில்லை. யானை ஈயினும் பெரிது, ஈ யானையினும் பெரிது என்னும் இரு வாக்கியங்களுள் எது சரி என்பதைத் தீர்மானிக்க அவன் நெடுநேரம் போராடினான். சொற்களை ஒன்றுக்கொன்று உரிய இடத்தில் நிறுத்தி, அவற்றிடையேயான உறவை ஒரே பார்வையிற் காணும் ஆற்றலும் வெளியை அமைக்கும் அதே ஆற்றலே என லூரியா விளக்கினார். அவ்விளைஞன் எழுதினான். எழுதியதைத் தானே வாசிக்க இயலாத நிலையிலும், ஒரு நாளில் சில வரிகள் வீதம், 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 3000 பக்கங்கள் எழுதினான். லூரியாவின் நூலிற் பாதி அவனுடையது.

லூரியாவின் சோதனைகளைத் தமிழில் அப்படியே பெயர்த்துப் பயன்படுத்த முற்படுவோர்க்கு ஒரு சொல். ‘தந்தையின் சகோதரன்’ எனக் கேட்ட தமிழன் உறவைக் கணக்கிடுவதில்லை; பெரியப்பா என்றோ சித்தப்பா என்றோ ஒரே சொல்லாக மாற்றிக்கொள்கின்றான். எனவே மூளை பாதிப்புற்றவனும் விடையிறுத்துவிடக் கூடும். எமது மொழிக்கேற்ற சோதனைகளை எமது பல்கலைக்கழகங்களே ஆக்க வேண்டும்.

மொழி வெளியை அமைப்பதிற் பங்கு கொள்கின்றதா என்ற வினாவுக்கும் தமிழ் சான்று தருகின்றது. அவுஸ்திரேலியாவின் குகு யிமிதிர் மொழி பேசுவோர் ‘உன் வடக்குக் கைப்பக்கம்’ என்பது போன்று, மிகச் சிறிய இடைவெளியையும் திசையாற் குறிப்பர். மேசையில் வரிசையாக வைத்த பொருள்களைக் காட்டி, பின்னர் அவர்களை மறுபுறம் திருப்பி நிறுத்தி, அதே வரிசையை மீண்டும் வைக்கச் சொன்னால், ஒல்லாந்தர் இடம் வலத்தைப் பேணி வைக்கின்றனர்; இவர்களோ கிழக்கு மேற்கைப் பேணி வைக்கின்றனர் என ஸ்டீபன் லெவின்சன் காட்டினார். அதே ஆய்வுக் குழுவைச் சேர்ந்த எரிக் பெடர்சன் 1990களில் தமிழ்நாட்டில் ஆராய்ந்தபோது, நகர்ப்புறத் தமிழர் இடம் வலம் என்று பேசுமிடத்துக் கிராமத் தமிழர் சிறு பொருள்களுக்கும் வடக்கு, தெற்கு என்று பேசுவதைக் கண்டார். எமது கிராமங்களிலும் ‘கொஞ்சம் கிழக்காலே தள்ளி வை’ என்ற கட்டளை அந்நியமானதன்று. இம்முடிவுகளின் பொருள் பற்றிக் கருத்துவேறுபாடு உண்டு. சோதனை நிகழும் இடத்தை மாற்றினால் விடையும் மாறும் என 2002இல் லீ, கிளைற்மன் என்போர் வாதிட்டனர். மொழி மனத்தை முற்றாக ஆள்கின்றது என்பது மிகை. ஆயினும் ஒரே மொழியைப் பேசும் உழவனும் அலுவலகத்தவனும் வெளியை இருவேறு முறையிற் கணக்கிட்டால், வேறுபாட்டை மொழியின் இலக்கணத்தில் மட்டுமன்றி அவர்தம் தொழிலிலும் தேட வேண்டும்.

மூளையிற் காயமுற்றோர்க்கு இவ்வறிவினால் விளைந்த பயன் யாது? 1890களில் அமெரிக்க உளவியலாளர் ஜோர்ஜ் ஸ்ட்ராற்றன் உலகைத் தலைகீழாகக் காட்டும் வில்லைகளைத் தாமே பல நாள் அணிந்திருந்தார். தொடக்கத்தில் ஒரு குவளையைப் பற்றவும் இயலாது தவித்தவர், கையும் காலும் பழகப் பழக அப்புது வெளியில் இயல்பாக நடமாடத் தொடங்கினார். இத்தகைய பழகுதலையே மருத்துவமாக்க முயன்றோர் பிரான்ஸின் லியோன் நகரத்து ஈவ் ரொசெற்றியும் அவர்தம் சகாக்களும் ஆவர். 1998இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒருபக்கப் புறக்கணிப்புள்ள நோயாளர்க்குக் காட்சியை 10 பாகை வலப்புறம் நகர்த்தும் அரியக் கண்ணாடி அணிவிக்கப்பட்டது. எதிரேயுள்ள புள்ளியை விரலாற் சுட்டுமாறு பணிக்கப்பட்டனர். முதலிற் கை வலப்புறம் தவறிச் சென்றது. சில நிமிடங்களில், தம்மையறியாமலே கையை இடப்புறம் திருத்திச் சுட்டினர். கண்ணாடி கழற்றப்பட்ட பின்னரும், குறைந்தது இரண்டு மணிநேரத்துக்கு, அவர்கள் வரைந்த படங்களில் விடுபட்ட இடப்பக்கம் மீண்டு வந்தது. பிற்காலத்துப் பெருஞ் சோதனைகளின் முடிவுகள் ஒரே சீராக அமையவில்லை என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். எல்லா நோயாளர்க்கும் உதவும் மருந்தாக இதனைக் கொள்ள இயலாது.

இருப்பினும் அக்குழுவினர் செய்த ஒரு சோதனை மிலான் நோயாளரை நினைவூட்டுகின்றது. பிரான்ஸ் நாட்டின் படத்தை மனத்திற் கண்டு, அதிலுள்ள நகரங்களின் பெயர்களைக் கூறுமாறு நோயாளர் கேட்கப்பட்டனர். கண்முன் படம் வைக்கப்படவில்லை. முதலிற் கிழக்கு நகரங்களே பெரிதும் வந்தன. மேற்குப் பிரான்ஸ் மனத்தில் வெறுமையாகக் கிடந்தது. அரியக் கண்ணாடியுடன் விரலாற் சுட்டிப் பழகிய பின்னர் அதே வினா மீண்டும் கேட்கப்பட்டது. அத்திலாந்திக் கரையோரத்து நகரங்களின் பெயர்களும் இப்போது வரத் தொடங்கின.